அப்பப்பா நக்கிப் பார்த்த சுவர்

அப்பப்பா சுவரை நக்கிப் பார்த்தார்.

1982ஆம் ஆண்டு, பங்குனி மாதம். எனக்கு 11 வயது. மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கடற்கரையின் செம்மண் திட்டில் கூரையில்லாமல் நின்ற ஒரு மாளிகையின் முன்னால் நின்றோம். நான் வாயைப் பிளந்தபடி உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உயரத்தைப் பார்க்கவேயில்லை. கறிக்கு உப்புப் பார்ப்பவர் போலக் குனிந்து, பூச்சு உரியாமல் மிஞ்சியிருந்த ஓரிடத்தில் நாக்கின் நுனியை வைத்து எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“உப்பு ஏறயில்லை,” என்றார். “இன்னும் நிக்கும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல காலம், மாடுகளைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

அப்பப்பா மேசன். நானாட்டான் பக்கத்தில் அவர் கை படாத பழைய வீடுகள் குறைவு. அரிப்பில் தெரிந்த ஒருவரின் வீட்டில் கிணற்றுக் கட்டு வெடித்துப்போயிருந்தது. பழைய சுண்ணாம்புக் கட்டு. சீமெந்து வைத்து ஒட்டினால் நிற்காது, கிழவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன். மடியில் அவருடைய சாக்குப்பை. அதற்குள் கரண்டி, மட்டப்பலகை, நூல், தூக்குக்குண்டு. அந்தக் குண்டு வழி நெடுக என் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

இரண்டு நாள் வேலை. இரண்டாம் நாள் மத்தியானம் முடிந்ததும், “வாடா தம்பி, ஒரு இடம் காட்டுறன்,” என்றார். புறப்படும்போது அந்த வீட்டு அக்கா பிட்டும் பொரிச்ச மீனும் கட்டித் தந்தார். தந்துவிட்டு, “அல்லி ராணிக் கோட்டைக்கோ போறியள்? பொழுதுபட முந்தித் திரும்பிடுங்கோ. அந்த மனுசி ஆம்பிளையள் முகத்தில முழிக்க மாட்டா,” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அல்லி ராணியை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆண்களின் நிழலே வேண்டாமென்று பெண்களை மட்டும் வைத்து ஆண்டவள். கடைசியில் அருச்சுனன் தந்திரம் செய்து அவளைக் கட்டிக்கொண்டான். அப்பம்மா சொல்லும் கதைகளில் அவளுடைய அரண்மனை இன்னும் தெற்கே, குதிரைமலை முனையில் இருந்தது. அவளுக்கு முத்துக் குளித்துக் கொடுத்த கடல் இந்தக் கடல்தான். முத்துக்கடலின் கரையில் யார் கட்டியதென்று தெரியாத பெரிய கட்டடம் ஒன்று நின்றால் அது வேறு யாருடையதாக இருக்க முடியும்? ஊர்ச்சனம் அதை அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டது.

உடைமரங்களுக்கு நடுவே மணல் பாதை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். நான் எதிர்பார்த்தது பீரங்கியும் அகழியும் கொண்ட கல்கோட்டை. கண்டது நாலைந்து பெரிய சுவர்த் துண்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். இடையிடையே கதவும் யன்னலும் இருந்த ஓட்டைகள். மேல் யன்னல் ஒன்றுக்குள் கடல் நீலமாக நின்றது. கீழ் ஓட்டைக்குள் ஒரு பசு நின்றது.

“கல்லு எல்லாம் விழுந்துபோச்சு,” என்றேன், ஏமாற்றத்தோடு.

“எங்க கல்லு? ஒரு கல்லு காட்டு பாப்பம். காட்டினா உனக்கு ஐஞ்சு ரூபா.”

ஐந்து ரூபாய் அன்றைக்குப் பெரிய காசு. ஓடினேன். சுவருக்குச் சுவர் தடவினேன். தூரத்தில் கருங்கல் போலத் தெரிந்ததெல்லாம் கிட்டப் போனால் கறுத்துப்போன பூச்சு. பூச்சு விழுந்த இடமெல்லாம் செங்கல். தரையில் கிடந்த பாளங்களைப் புரட்டினேன். அதுவும் செங்கல். வட்டமான முகத்தோடு கிடந்த ஒரு பெரிய துண்டைக் கண்டு, “இது கல்லு!” என்று கத்தினேன். அப்பப்பா வந்து அதன் முறிந்த பக்கத்தைக் காலால் காட்டினார். உள்ளே செங்கற்கள் வெட்டிய கேக் போல அடுக்கியிருந்தன. வட்டம் வெளியே பூசிய இரண்டு விரல் கனத்தில்தான் இருந்தது.

“ஒரு கல்லும் இல்லை. முழுக்கச் செங்கலும் சிப்பிச் சுண்ணாம்பும். கல்லு மாதிரிக் காட்டினவன் ஒரு மேசன்,” என்றார். அந்தக் கடைசிச் சொல்லில் இருந்த பெருமை எனக்கு அப்போதே விளங்கியது.

கடற்பக்கச் சுவருக்கு வெளியே, திட்டின் விளிம்புக்கு முன்னால், பாய் விரிக்கிற அளவுக்குப் புல்தரை இருந்தது. சுவரோரம் உட்கார்ந்து பிட்டுப் பொதியை அவிழ்த்தோம். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதை நான் பிறகு பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் இது அவர் சொன்ன வரிசைதானா, நான் அடுக்கிய வரிசையா என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

சிப்பியைக் கடலிலிருந்து அள்ளியவுடன் சூளைக்குள் போடக்கூடாது. ஒரு மாரி மழை படவிட வேண்டும். உப்புக் கழுவுப்பட வேண்டும். அவசரக்காரன் உப்போடு சுட்டால் சுவர் அவனுடைய பிள்ளைகள் காலத்திலேயே உதிரும். பிறகு சூளையில் விறகு ஒரு படை, சிப்பி ஒரு படை என்று அடுக்கிச் சுட வேண்டும். சுட்ட சிப்பி பார்க்க முன்னைப் போலத்தான் இருக்கும்; கையில் எடுத்தால் கனம் இராது. அதன்மேல் தண்ணீர் தெளித்தால் சீறும், கொதிக்கும், வெடித்து மாவாகும். “கிட்ட நிண்டு பாத்தியெண்டா கண் போயிரும்.” அதுதான் நீற்றின சுண்ணாம்பு. மணலோடு குழைத்துக் கட்டுச்சாந்து. அதற்குமேல் முதற் பூச்சு, அதற்குமேல் சன்னப் பூச்சு. கடைசிப் பூச்சுக்கு மணலே இல்லை. தூய சுண்ணாம்பைத் துணியில் வடித்து, அம்மியில் அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, அரைச் சுண்டு விரல் கனம்கூட இல்லாமல் இழுத்து, ஈரம் காயுமுன் வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளல்ல, நாட்கணக்கில். தேய்க்கத் தேய்க்க முகம் தெரியும்.

“இதில முகம் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டேன்.

அவர் வேட்டியின் நுனியால் சுவரில் ஓரிடத்தைத் துடைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு, மாலை வெயிலில் பளிச்சென்று ஒரு மினுக்கம். முகம் தெரியவில்லை. ஆனால் என் கையின் நிழல் அதற்குள் விழுந்தது போல இருந்தது. மேலே அல்ல, உள்ளே.

வெற்றிலை போடும்போது, சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து விரலில் தொட்டு எனக்குக் காட்டினார். “இதுவும் அதுவும் ஒண்டுதான். காசு கூடினவங்கள் முத்தையே சுட்டு வெத்திலைக்குப் பூசினவங்களாம். நாக்குக்கு என்ன தெரியும், முத்தோ சிப்பியோ எண்டு?”

அப்பப்பா 1988இல் இறந்தார். அவருடைய சாக்குப்பை எங்கள் வீட்டு இறப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. 1990இல் சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு மடுவுக்கு ஓடியபோது அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தூக்குக்குண்டை மட்டும் நான் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. கனமான ஏதாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

மடுவிலிருந்து கொழும்பு. கொழும்பில் கட்டடப் படவரைஞருக்கான படிப்பு. அங்கேதான் ‘வெட்டுமுகம்’ என்ற சொல்லைக் கற்றேன். ஒரு வீட்டைப் பப்பாசிப்பழம் போல மேலிருந்து கீழாக அறுத்து, ஒரு பாதியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, மற்றப் பாதியின் முகத்தை வரைவது. அத்திவாரம் எவ்வளவு ஆழம், சுவர் எவ்வளவு கனம், தளம் எதில் தாங்கி நிற்கிறது, கூரை எப்படி ஏறுகிறது என்று வீடு மூடி வைத்திருப்பதெல்லாம் அந்தப் படத்தில் வெளியே வந்துவிடும். கூடப் படித்தவர்கள் இதை மனதில் பிடிக்கச் சிரமப்பட்டார்கள். எனக்கு ஒரே நாளில் பிடிபட்டது. உண்மையான ஒரு வெட்டுமுகத்தை நான் 11 வயதிலேயே பார்த்திருந்தேன். கடற்காற்றும் காலமும் அறுத்து வைத்திருந்த வீடு அது.

அந்த வீட்டின் வரலாறு ஒரு நூலகத்தில் கிடைத்தது. கொழும்புக் காவற்படைக்குப் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், அரிப்பு என்ற பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தத் தீவிலேயே மிக அழகான கட்டடம் இதுதான் என்று அவர் எழுதியிருந்தார். கட்டடக்கலை முறை ஒன்றைப் பின்பற்றித் திட்டமிட்ட கட்டடம் என்றாலும் கிட்டத்தட்ட இது ஒன்றுதானாம். பொலன்னறுவையையும் அனுராதபுரத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் இப்படி எழுதியிருக்கிறாரே என்று சிரிப்பு வந்தது. அவருக்கு ‘முறை’ என்றால் கிரேக்க முறை.

கட்டியவர் பிரெடரிக் நோர்த், பிரித்தானியரின் முதல் இலங்கை ஆளுநர். 1798 முதல் 1805 வரை இங்கே ஆண்டவர். அமெரிக்கக் குடியேற்றங்கள் கைநழுவியபோது இங்கிலாந்துப் பிரதமராக இருந்த நோர்த் பிரபுவின் கடைசி மகன். கிரேக்கத்தின் மேல் தீராத பித்து. 1791இல் கோர்பு தீவில் கிரேக்க வைதிகத் திருச்சபையில் ஞானஸ்நானமே பெற்றுக்கொண்டவர். இலங்கையை விட்டுப்போய்ப் பல ஆண்டுகளுக்குப் பின், 1824இல், அதே கோர்புவில் அயோனியன் அக்கடமி என்ற உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினார். இந்த இரண்டுக்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய மன்னார்க் கரையில் ஒரு வாசஸ்தலம் தேவைப்பட்டபோது, தனக்குப் பிடித்த கிரேக்கத்தை உடைமரங்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். 1801இல் தொடங்கி 1804இல் முடிந்தது. அடுத்த வருடமே அவர் கப்பலேறிவிட்டார்.

அந்த முறையின் பெயர் டொரிக். கிரேக்கர்களின் மூன்று தூண் முறைகளில் மூத்தது, எளியது. தூணுக்கு அடியில் பீடம் கிடையாது; நேரே தளத்திலிருந்து எழும். மேலே போகப் போக ஒடுங்கும். தலையில் பூவும் கிடையாது, சுருளும் கிடையாது. தலையணை போல ஒரு வட்டம், அதன்மேல் ஒரு சதுரப் பலகை. ரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆணின் பாதத்தைப் போல ஆறு மடங்கு அவனுடைய உயரம். டொரிக் தூணின் உயரமும் அடிவிட்டத்தைப் போல ஆறு மடங்கு. ஆகவே இது ஆணுடலின் அளவு. மற்ற இரண்டு முறைகளும் பெண்ணுடலைப் பார்த்து உண்டானவையாம்.

நூலகம் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆண் முகத்தில் முழிக்காத அல்லி ராணிக்கு, ஆணுடல் அளவெடுத்துக் கட்டிய வீட்டை ஊர்ச்சனம் சீதனமாகக் கொடுத்திருக்கிறது. நோர்த்துக்கு அது தெரிந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

விட்ருவியஸ் இன்னொன்றும் சொல்கிறார். கிரேக்கர்களின் கல் கட்டடம் அதற்கு முந்திய மரக் கட்டடத்தின் சாயல். டொரிக் விதானத்தில் வரிசையாக வரும் வரிப்பட்டைகள், பழைய மரக்கோயிலில் தீராந்திகளின் முனை வெளியே தெரிந்த இடங்கள். மரம் போய்க் கல் வந்த பின்னும் தச்சனின் அடையாளத்தைக் கல்தச்சன் விடவில்லை. ஆக, கிரேக்கத்தில் மரமாக நடித்தது கல். அரிப்பில் அந்தக் கல்லாக நடித்தது செங்கலும் சிப்பிச் சுண்ணாம்பும். அப்பப்பாவிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால், “எல்லா மேசனும் ஒரு தச்சனுக்குக் கடன்காரன்தான்,” என்றாவது சொல்லியிருப்பார்.

முத்துக்குளிப்பைப் பற்றி வாசிக்க வாசிக்க வீடு நின்ற இடத்தின் நியாயமும் பிடிபட்டது. மன்னார் வளைகுடாவில் சிப்பி விளையும் திட்டுகளைப் பார் என்பார்கள்: பெரியபார், சேவல்பார், மோதரகம்பார். இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனியில்தான் குளிப்பு. இரவு பத்து மணியளவில் அரிப்பில் ஒரு பீரங்கி வெடிக்கும். அந்தச் சத்தத்தோடு கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் பாருக்கு ஓடும். விடிந்ததும் குளிப்பு. மத்தியானத்தில் கடற்காற்று எழும்பியதும் அதே காற்றில் கரை திரும்பும். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், அரபிகள் என்று பலரும் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து மூச்சடக்கி இறங்கினார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’க்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. அந்த மேல் மாடி யன்னல் எனக்குக் காட்டிய நீலம், தோணிகள் திரும்புகின்றனவா என்று ஒரு ஆளுநர் பார்த்த நீலம். மேற்கே பார்த்த வீடு, மத்தியானக் காற்றுக்கும் திறந்த வீடு. மாளிகை என்பதைவிட அதைக் காவற்பரண் என்று சொல்வதே சரி. வயலுக்குள் தினைப்பரண் போல, கடலுக்கு ஒரு பரண்.

ஆனால் கரைக்காற்று வீசும்போது அந்த வீட்டுக்குள் வந்திருக்கக்கூடிய இன்னொன்றைப் பற்றிக் கட்டடக்கலைப் புத்தகங்கள் பேசுவதில்லை. அள்ளிவந்த சிப்பியை அன்றே உடைப்பதில்லை. ‘கொட்டு’ என்று சொல்லும் அடைப்புகளில் குவித்து அழுகவிடுவார்கள். சதை அழுகிக் கரைந்து, ஈ மொய்த்து, பிறகு கழுவி அரித்தால் அடியில் முத்து. கோடிக்கணக்கான சிப்பி அழுகும் நாற்றம். கிரேக்க வெள்ளைச் சுவருக்குள் சந்தனம் எரித்தாலும் அது போயிருக்காது.

முத்து கப்பலேறிப் போனது. சிப்பியை என்ன செய்வது? இந்தக் கடலின் முத்துச்சிப்பி உள்ளங்கை அகலம்தான், ஓடும் மெல்லியது. பொத்தான் செய்யக்கூட ஆகாது. மலை மலையாகக் கரையில் கிடந்தது. அதைச் சுட்டுத்தான் இந்த வீட்டுக்குப் பூசினார்கள். அப்பப்பாவின் வெற்றிலைப் பேச்சு எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. முத்தும் சிப்பியும் ஒரே பொருள், கால்சியம் காபனேற்று. சூளையில் அதிலிருந்து காற்று ஒன்று கழன்று போகிறது. அதனால்தான் சுட்ட சிப்பிக்குக் கனம் குறைகிறது. சுவரில் பூசிய பிறகு சுண்ணாம்பு அதே காற்றை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு பழையபடி காபனேற்று ஆகிறது. அதாவது, கல்லாகிறது. பூச்சு இறுகுவது என்பது அதுதான்.

அப்படியானால் அந்தப் பந்தயத்தில் நான் தோற்கவில்லை. அங்கே கல் இருந்தது. மேசன்கள் நீரும் மாவுமாகப் பூசிய கல். அப்பப்பா எனக்கு ஐந்து ரூபாய் கடன்.

முத்து எவ்வளவு நாள் நின்றது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சிப்பிகள் ஏன் வருகின்றன, ஏன் மறைகின்றன என்று ஆராய 1902இல் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து வந்தார். ஐந்து தொகுதி எழுதினார். 1905இல் பெருங்குளிப்பு. 1906இல் லண்டன் கம்பனி ஒன்றுக்குக் கடலையே 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஓரிரு வருடத்தில் பார்கள் வெறுமையாகின. 1925க்குப் பிறகு பெயர் சொல்லும்படி ஒரு குளிப்பு இல்லை. கடலைப் பார்க்கக் கட்டிய வீட்டுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

2010இல், ஊருக்குத் திரும்பிய அடுத்த மாதமே அங்கே போனேன். பாதையை விட்டு இறங்க வேண்டாம், மிதிவெடி எடுத்தது எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியாது என்று கடைக்காரர் எச்சரித்தார். மாட்டுத்தடத்தைப் பார்த்து, அதற்குள் மட்டும் கால் வைத்து நடந்தேன். கையில் அளவு நாடா, கொப்பி, பைக்குள் தூக்குக்குண்டு.

நான் நினைவில் வைத்திருந்த சுவர்த் துண்டங்களில் ஒன்று இல்லை. விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே கடற்கரையில் முகங்குப்புறக் கிடந்தது. விழுந்தும் உடையவில்லை. வீடு பாதியானாலும் கட்டு விடவில்லை. செங்கலும் சாந்தும் ஒரே பாறையாகிக் கிடந்தன. பிழை சுவரில் இல்லை. மண் காலை வாரிவிட்டிருந்தது. அலை திட்டின் அடியைத் தின்ன, மேலே இருந்த செம்மண் சரிய, அதன்மேல் இருந்த சுவர் அப்படியே இறங்கியிருக்கிறது.

மீதி நின்றதை அன்று முழுக்க வரைந்தேன். தூரத்தில் பார்த்தால் பாழ். கிட்ட நின்று வரைந்தால் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. சுவரின் உட்பக்கத்தில், ஆளுயரத்துக்கு மேல், ஒரே மட்டத்தில் சதுரக் குழிகள் ஓடின. தீராந்தி சொருகியிருந்த குழிகள். மரம் இல்லை, ஆனால் மேல்மாடித் தளம் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அந்தக் குழிகள் சொல்லிவிட்டன. ஏறி ஒன்றுக்குள் கையை விட்டேன், முழங்கைவரை போயிற்று. விரல் நுனியில் மென்மையாக ஏதோ பட்டது. வௌவால் அல்ல, சாந்து. தீராந்தியைச் சொருகியபின் இடைவெளியில் கையால் அப்பி அமுக்கிய சாந்து. அதில் நாலு விரல்களின் பள்ளம் இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் இடம் மிஞ்சியது. அவருடைய கை என்னுடையதைவிடப் பெரிது.

1803 போல ஏதோ ஒரு நாளில் ஒரு மேசன் அவசரமாக அமுக்கிவிட்டு அடுத்த குழிக்குப் போயிருக்கிறார். வீடு முழுதாக இருந்த காலத்தில் ஆளுநருக்கோ கோர்டினருக்கோ இது தெரிய வழியில்லை. தீராந்தியும் பலகையும் பூச்சும் அதை மறைத்திருக்கும். வீடு நன்றாக இருக்கும் வரைக்கும் அது நோர்த்தின் வீடு. இடிந்தபிறகுதான் அது கட்டினவனின் வீடு. ஊர், பேர், கூலி என எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத அவருக்கு, நாலு விரல் பள்ளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிரேக்கத்தைப் பார்த்தேயிராத கை, ஒரு படத்தையும் வாய்ச்சொல்லையும் வைத்துக்கொண்டு கிரேக்கத்தைக் கட்டியிருக்கிறது.

தூக்குக்குண்டை எடுத்து, எட்டும் உயரத்திலிருந்து நூலை விட்டேன். காற்று அடங்கும்வரை காத்திருந்தேன். குண்டு ஆடி ஆடி நின்றது. 200 வருடத்துக்குமேல் ஆன சுவர், நூலோடு நூலாக, தலைமயிர் அளவும் சாயாமல் நின்றது. அப்பப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றியிருப்பார். அவர் ஒரு வேலையைப் பாராட்டுகிற விதம் அது.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்வருகிறேன். இப்போது பெயர்ப்பலகை இருக்கிறது. உல்லாசப் பயணிகள் வந்து படம் பிடிக்கிறார்கள். என் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவை எடுக்கிறேன்: சுவரின் கடற்பக்க மூலையிலிருந்து திட்டின் விளிம்புவரை. வேறு எந்த அளவும் மாறுவதில்லை. அது மட்டும் குறைகிறது, மாரி கடுமையாக இருந்த வருடங்களில் நன்றாகவே.

போன தடவை மகளையும் கூட்டிப் போனேன். அவள் கைப்பேசியில் கடலைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். “நீங்களும் உங்கட அப்பப்பாவும் இருந்து பிட்டுச் சாப்பிட்ட இடம் எது, அப்பா?” என்று கேட்டாள்.

காட்டக் கையை நீட்டினேன். கை விளிம்புக்கு அப்பால் போய் நின்றது. அங்கே புல்தரை இல்லை. ஒரு கடற்காகம் அந்த இடத்தில், எங்கள் கால் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்றில் பறந்துகொண்டிருந்தது.

அவள் மறுபடியும் கைப்பேசிக்குள் குனிந்ததும், மிஞ்சியிருந்த பூச்சில் ஓரிடத்தை விரலால் துடைத்தேன். மினுக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாக்கின் நுனியை வைத்தேன்.

“சீ, அப்பா! என்ன செய்யிறீங்கள்?”

உப்புக் கரித்தது.

கொப்பியை எடுத்து, அன்றைய திகதிக்கு நேரே விளிம்பின் அளவை எழுதினேன். அதற்குப் பக்கத்தில், எந்தப் படவரைஞரும் எழுதாத ஒரு குறிப்பையும் எழுதிவைத்தேன்: உப்பு ஏறிவிட்டது.